மும்பை வீட்டில் யோகாசனம் பழகத் தொடங்குவோருக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வகுப்புக்குப் போக நேரமில்லை, வீட்டிலேயே தொடங்கலாமா என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம். மாட்டுங்காவோ செம்பூரோ தாராவியோ, இடம் குறைவு, புழுக்கம் அதிகம், காலையில் ரயிலைப் பிடிக்கும் அவசரம் என்பது எல்லோருக்கும் பொது. அதை மனத்தில் வைத்தே பதில் சொல்லியிருக்கிறோம். ஆசனங்களுக்குச் சமஸ்கிருதப் பெயர்களையே எழுதியிருக்கிறோம். நாளை எந்த ஆசிரியரிடம் போனாலும் அவைதான் காதில் விழும்.

எங்களுடையது ஒன் ரூம் கிச்சன். இடம் போதுமா?

போதும். யோகா மேட்டின் அளவே 6 அடிக்கு 2 அடிதான். படுத்தபடி கையைத் தலைக்கு மேல் நீட்ட இன்னும் ஒன்றரை அடி, பக்கவாட்டில் அரை அரை அடி. கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் ஏழரை அடிக்கு 3 அடி தரை கிடைத்தால் கீழே சொல்லும் எல்லாவற்றையும் செய்யலாம். கையை இருபுறமும் விரிக்கும் ஆசனங்களை மேட்டின் நீளவாக்கில் நின்று செய்தால் பீரோவில் இடிக்காது.

தரையைப் போலவே சுவரும் வேண்டும். ஆணியும் காலண்டரும் இல்லாத 3 அடி அகலச் சுவர் இருந்தால் பாதி உபகரணம் கைவசம் வந்த மாதிரி. தினமும் டீப்பாயைத் தூக்கி நகர்த்தினால்தான் இடம் கிடைக்கும் என்றால் பத்தாவது நாளே அலுத்துவிடும். கொஞ்சம் நெருக்கமானாலும் எதையும் நகர்த்த வேண்டாத மூலையே மேல்.

பால்கனியில் காற்று நன்றாக வரும் என்று அங்கே உட்காருபவர்கள் முதலில் புறா எச்சத்தைப் பாருங்கள். காய்ந்த எச்சத்தின் தூசி நுரையீரலுக்கு ஆகாது. அங்கே போய் ஆழ மூச்சிழுப்பது வம்பை விலைக்கு வாங்குவது. கழுவிச் சுத்தமாக வைத்திருக்க முடியாவிட்டால் உள்ளேயே செய்யுங்கள்.

ஜமக்காளம் விரித்துச் செய்யக் கூடாதா? மேட் வாங்கியே ஆகவேண்டுமா?

படுத்தும் உட்கார்ந்தும் செய்பவற்றுக்கு ஜமக்காளம் தாராளமாகப் போதும். நின்று காலை அகட்டும்போதுதான் சிக்கல். வழவழ டைல்ஸ் மேல் ஜமக்காளம் காலோடு சேர்ந்து நழுவும், தொடையிடுக்கில் தசை பிடித்துக்கொள்ளும். நின்று செய்பவற்றை வெறுங்காலுடன் வெறும் தரையில் செய்யலாம், அல்லது பிடிப்புள்ள மேட் வாங்கலாம்.

வாங்குவதென்றால் 6 மி.மீ. தடிமன் எடுங்கள். 4 மி.மீ. மேட்டில் மொசைக் தரையின் கடினம் முட்டியில் தெரியும். 10, 12 மி.மீ. மேட் மெத்தென்று இருக்கும், ஆனால் ஒற்றைக் காலில் நின்றால் கணுக்கால் ஆடும். கடையிலேயே விரித்து, மண்டியிட்டு, உள்ளங்கையை ஊன்றி முன்னால் தள்ளிப் பாருங்கள். கை சறுக்கினால் வைத்துவிட்டு வாருங்கள். ஈவிஏ என்று எழுதிய மேட் லேசாக, மலிவாக இருக்கும்; சீக்கிரம் குழிவிழும். பிவிசி கனம், நாள்பட உழைக்கும். புதிதில் ஒரு வாடை வரும், சில நாள் விரித்துப் போட்டால் போய்விடும். இயற்கை ரப்பரில் பிடிப்பு பிரமாதம், ஆனால் வெயிலில் காயவைத்தால் வெடித்து உதிரும்.

பிளாக், பெல்ட், போல்ஸ்டர் எல்லாம் தேவையா?

இவற்றின் வேலை தேவை, பொருளாக வாங்கத் தேவையில்லை. தரை எட்டாதவருக்குத் தரையை மேலே கொண்டுவருவது பிளாக்: 4 அங்குல உயரத்துக்கு இரண்டு தடித்த புத்தகங்களைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினால் அதே வேலை நடக்கும். பெல்ட்டுக்குப் பதில் பழைய பருத்தித் துப்பட்டாவோ துண்டோ போதும். நைலான் துணி வழுக்கும். போல்ஸ்டர் என்கிற தடித்த நீளத் தலையணைக்கு இரண்டு போர்வைகளை இறுக்கமாகச் சுருட்டுங்கள். துணைப்பொருள் வைத்துக்கொள்வது கையாலாகாதவர்களின் வழி என்று நினைப்பவர்கள் உண்டு. இவற்றை உலகம் முழுக்கப் பரப்பியவர் புனேயில் வாழ்ந்த பி.கே.எஸ். ஐயங்கார். அவரைக் கையாலாகாதவர் என்று யாரும் சொன்னதில்லை.

காலையில்தான் செய்ய வேண்டுமா? சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்து?

வயிறு காலியாக இருக்க வேண்டும், அதுதான் விதி. முழுச் சாப்பாட்டுக்குப் பின் மூன்றரை முதல் 4 மணி நேரம், இட்லி போல லேசான டிபனுக்குப் பின் 2 மணி நேரம், டீக்குப் பின் அரை மணி. மாலையில் ஸ்டேஷன் வாசலில் வடா பாவ் சாப்பிட்டுவிட்டு வந்தால் அன்றைக்குக் குனிகிற ஆசனங்களை விட்டுவிடுங்கள், நெஞ்சு கரிக்கும்.

காலையில் உடம்பு விறைப்பாகவும் மனம் தெளிவாகவும் இருக்கும், மாலையில் நேர்மாறு. காலையில் குழாயில் தண்ணீர் வரும் நேரம், டிபன் கட்டும் நேரம், ரயில் நேரம் மூன்றும் முட்டிக்கொள்ளும் வீடுகளில் மாலை 7 மணியே நிஜமான நேரம். நாளுக்கொரு நேரம் மாற்றுவதைவிட, சுமாரான நேரமே ஆனாலும் ஒன்றிலேயே நிற்பது நல்லது.

மழைக்காலத்தில் கை வழுக்குகிறதே?

ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையில் இது எல்லோருக்கும் நடப்பதுதான். சர்வதேச யோகா தினம்கூட ஜூன் 21, சரியாக மழை பிடிக்கும் நேரம். கை வைக்கும் இடத்தில் மட்டும் ஒரு பருத்தித் துண்டை லேசாக நனைத்துப் பிழிந்து விரியுங்கள். உலர்ந்த துண்டைவிட ஈரத்துண்டுக்குப் பிடிப்பு அதிகம். மின்விசிறியை நிறுத்த வேண்டாம், குறைந்த வேகத்தில் ஓடட்டும். ஏசியின் குளிர்காற்று நேராக மேலே படும்படி மட்டும் செய்யாதீர்கள்.

முடிந்தவுடன் ஈரத்தோடு மேட்டைச் சுருட்டி பீரோ இடுக்கில் செருகினால் நாலு நாளில் பூசணம் பிடிக்கும். நாற்காலி முதுகில் ஒரு மணி நேரம் தொங்கவிட்டுச் சுருட்டுங்கள். வாரம் ஒருமுறை சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்தால் போதும்.

முதல் மாதம் என்னென்ன செய்யலாம்? வரிசையாகச் சொல்லுங்கள்.

20 நிமிடத்துக்கான வரிசை இது. "மூச்சு" என்றால் ஒருமுறை இழுத்து ஒருமுறை விடுவது. 5 மூச்சு ஏறக்குறைய அரை நிமிடம்.

முதல் 2 நிமிடம் சும்மா உட்காருங்கள், மூக்கு வழியாக மூச்சு வந்து போவதைக் கவனித்தபடி. அவசர வேலை இருந்தால் மனம் இந்த 2 நிமிடத்தைத்தான் முதலில் வெட்டச் சொல்லும். வெட்டினால் அடுத்த 10 நிமிடமும் அவசரமாகவே போகும்.

மார்ஜரி ஆசனம், 8 முறை: தோளுக்கு நேர் கீழே கை, இடுப்புக்கு நேர் கீழே முட்டி என நாலு காலில் நில்லுங்கள். மூச்சை இழுத்தபடி முதுகைக் குழித்து நெஞ்சை நிமிர்த்துங்கள், விட்டபடி பூனை மாதிரி முதுகை வளைத்து உயர்த்துங்கள். கழுத்தை மட்டும் ஆட்டிவிட்டு முதுகு அசையாமல் இருப்பது வழக்கமான பிழை. அசைவு வால் எலும்பில் தொடங்கட்டும்.

தாடாசனம், 5 மூச்சு: பாதங்களுக்கு நடுவே ஒரு கை அகலம். எடை குதிகாலிலும் விரல் மேட்டிலும் சமமாக. கையை மேலே உயர்த்துங்கள், தோள் காதோடு ஒட்டாமல். சும்மா நிற்பதுதானே என்று தோன்றும். ஒரு காலிலேயே எடையைப் போட்டு ரயிலில் நின்று பழகியவர்களுக்கு இரு காலிலும் சமமாக நிற்பதே ஒரு பாடம்.

விருட்சாசனம், பக்கத்துக்கு 5 மூச்சு: சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி நில்லுங்கள். ஒரு பாதத்தை மறுகாலின் கெண்டைச்சதையிலோ உள்தொடையிலோ பதியுங்கள். முட்டியின் மேல் மட்டும் வைக்கக் கூடாது; முட்டி பக்கவாட்டு அழுத்தத்துக்கு ஆனதில்லை. கண் ஒரே புள்ளியில் இருந்தால் உடம்பு ஆடுவது குறையும்.

திரிகோணாசனம், பக்கத்துக்கு 5 மூச்சு: கால்களுக்கு நடுவே 3 முதல் மூன்றரை அடி. வலது பாதம் முழுக்க வெளியே, இடது பாதம் லேசாக உள்ளே. இடுப்பிலிருந்து வலப்பக்கம் நீண்டு, பிறகு கையைக் கீழே இறக்குங்கள். கை கணுக்காலைத் தொட்டே ஆகவேண்டும் என்று இறங்கினால் நெஞ்சு தரையைப் பார்த்துத் திரும்பிவிடும், அப்போது அது வெறும் குனிதல். கட்டிய புத்தகத்தின் மேலோ நாற்காலி இருக்கையின் மேலோ கையை வைத்து நெஞ்சைத் திறந்து வையுங்கள். முட்டி பின்னுக்கு வளையும்படி பூட்டாதீர்கள். மேலே பார்த்தால் கழுத்து வலிக்கிறதென்றால் நேரே பாருங்கள்.

அதோமுக சுவானாசனம், 5 மூச்சு: நாலு காலில் இருந்து இடுப்பை உயர்த்தித் தலைகீழ் "வி" போல. முட்டியை மடக்கியே வைத்திருங்கள். தொடைப் பின்தசை இறுகியவர்கள் காலை நீட்ட முயன்றால் முதுகு கூனும், எடை முழுவதும் கைக்கு வரும். குதிகால் தரையைத் தொடாவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

புஜங்காசனம், 3 முறை (எப்படி என்பது கீழே தனிக் கேள்வியில்). பிறகு பாலாசனத்தில் 5 மூச்சு: முட்டி அகட்டி, குதிகால் மேல் உட்கார்ந்து, நெற்றி தரையில். நெற்றி எட்டாவிட்டால் தலையணை.

சேதுபந்தாசனம், 3 முறை: மல்லாந்து படுத்து முட்டி மடக்கி, கை நீட்டினால் விரல் நுனி குதிகாலைத் தொடும் தூரத்தில் பாதம். மூச்சை இழுத்து இடுப்பை உயர்த்தி, 3 மூச்சு வரை அப்படியே இருங்கள். முட்டிகள் வெளியே சரியும். சரியாமலிருக்க நடுவில் மடித்த துண்டை இடுக்கிக்கொள்ளுங்கள். மேலே இருக்கும்போது தலையைத் திருப்பக் கூடாது. பிள்ளைகள் கூப்பிட்டாலும்தான்.

படுத்தபடி முட்டிகளை ஒருபுறம் சாய்த்து, பக்கத்துக்கு 5 மூச்சு முறுக்கு. கடைசியில் சவாசனம், 4 நிமிடம்: மல்லாந்து, கைகால்களைத் தளர்த்தி அசையாமல் படுத்திருப்பது.

சுவானாசனத்தில் மணிக்கட்டு வலிக்கிறது.

பெரும்பாலும் எடை உள்ளங்கையின் அடிப்பகுதியில் குவிந்திருக்கும். விரல்களை விரித்து, ஆட்காட்டி விரலின் அடிமேட்டையும் கட்டை விரலையும் தரையில் அழுத்துங்கள். மணிக்கட்டுப் பாரம் குறையும். அப்படியும் வலித்தால் தரையை விட்டுவிட்டு சமையலறை மேடைக்குப் போங்கள். மேடை விளிம்பில் கை வைத்து, உடம்பு தலைகீழ் "ட" போல வரும்வரை பின்னால் நடங்கள். முதுகுக்கும் தோளுக்கும் அதே நீட்சி கிடைக்கும். (அடுப்பு அணைந்திருக்கட்டும்.)

புஜங்காசனத்தில் இடுப்புக்கு மேலே சுருக்கென்று பிடிக்கிறது. ஏன்?

கையால் தள்ளி எழுந்திருக்கிறீர்கள். படத்தில் பார்த்த உயரத்தை எட்டும் ஆசையில் கை நேராக நீள, மேல்முதுகு அப்படியே இருக்க, வளைவு முழுவதும் கீழ்முதுகின் ஒரே இடத்தில் விழுகிறது. திருத்துவது சுலபம். குப்புறப் படுத்து, கையை விலாவுக்கு அருகில் ஊன்றி, அடிவயிற்றெலும்பைத் தரையில் அழுத்தி, மூச்சை இழுத்தபடி நெஞ்சை உயர்த்துங்கள். இப்போது உள்ளங்கைகளைத் தரையிலிருந்து ஒரு நூல் மேலே எடுத்துப் பாருங்கள். நெஞ்சு எந்த உயரத்தில் நிற்கிறதோ அதுதான் உங்கள் புஜங்காசனம். பலருக்கு அது 4 அங்குலம்கூட இருக்காது. முழங்கை மடிந்தே இருக்கட்டும்.

சம்மணமே சரியாக வரவில்லை. பத்மாசனம் எப்போது வரும்?

வராமலே போகலாம், நஷ்டமில்லை. முட்டி கதவுக் கீல் மாதிரி மடங்கி விரியும் மூட்டு. சுழல வேண்டியது இடுப்பு மூட்டு. நாற்காலியிலேயே வாழ்ந்து இடுப்பு சுழல மறந்தவர்கள் பாதத்தைப் பிடித்து இழுத்துத் தொடைமேல் வைத்தால், அந்தச் சுழற்சியை முட்டி வாங்கிக்கொள்கிறது. உள்ளேயிருக்கும் குருத்தெலும்பு கிழிவது இப்படித்தான்.

இருக்கைக்குக் கீழே 3, 4 அங்குலத்துக்குப் போர்வை மடித்துப் போட்டு, முட்டியைவிட இடுப்பு உயரமாக இருக்கும்படி சம்மணமிடுங்கள். முதுகு தானே நிமிரும். இரவுச் சாப்பாட்டைத் தரையில் உட்கார்ந்து சாப்பிடும் வழக்கத்தைத் திரும்பக் கொண்டுவந்தால் இடுப்புக்கு அதுவே தினசரிப் பயிற்சி.

மூச்சை எப்போது இழுப்பது, எப்போது விடுவது என்று குழம்புகிறது.

நெஞ்சு விரியும் அசைவில் இழுங்கள். குனியும்போதும் முறுக்கும்போதும் விடுங்கள். மறந்தால் கவலை வேண்டாம், அடக்காமல் மட்டும் இருங்கள். பல்லைக் கடித்து மூச்சை நிறுத்தினால் ஆசனம் உங்கள் அளவை மீறிவிட்டது என்று பொருள். ஓர் அங்குலம் பின்வாங்குங்கள்.

தனி மூச்சுப் பயிற்சியாக முதல் மாதம் 4 எண்ணி இழுத்து 6 எண்ணி விடுவது போதும், 3 நிமிடம். வயிற்றை உள்ளே சுண்டி மூச்சை வேகமாக வெளியே தள்ளும் கபாலபாதியைத் தொலைக்காட்சியில் பார்த்து நிமிடத்துக்கு நூறு முறை அடிப்பவர்களை அறிவோம். ரத்த அழுத்தம், இதயக்கோளாறு, ஹெர்னியா, கர்ப்பம் இருந்தால் அது வேண்டவே வேண்டாம். மற்றவர்களும் ஆளிடம் நேரில் கற்றுக்கொண்ட பின் செய்யட்டும்.

சூரிய நமஸ்காரத்திலிருந்தே தொடங்கலாமா?

ஒரு மாதம் பொறுங்கள். அதன் 12 நிலைகளில் சுவானாசனத்தை ஒத்த பர்வதாசனம், புஜங்காசனம், குனிதல் எல்லாம் வேகமாக வரும். தனித்தனியே பழகாமல் சேர்த்துச் செய்தால் பிழைகளும் வேகமாகவே பதியும். பிறகு 2 சுற்றில் தொடங்கி வாரம் ஒரு சுற்று கூட்டுங்கள். ஒரு சுற்று என்பது வலது, இடது இரண்டு காலுக்கும் சேர்த்து.

ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாகச் சொல்லித்தருகிறார்களே என்ற குழப்பம் வேண்டாம். இன்று பரவலாகத் தெரிந்த வடிவத்தை 1920களில் உடற்பயிற்சியாகப் பரப்பியவர் இதே மகாராஷ்டிரத்தின் சாத்தாரா பக்கம் அவுந்த் சமஸ்தானத்தை ஆண்ட பவான்ராவ் பந்த் பிரதிநிதி. மைசூர் அரண்மனையில் கற்பித்த கிருஷ்ணமாச்சாரியாரின் வழியில் வந்தவர்கள் வேறு விதமாகச் செய்வார்கள். ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதிலேயே போங்கள்.

எந்த வலி சகஜம், எது ஆபத்து?

தசையின் நடுவில் இழுப்பது போன்ற வலி, ஆசனத்தை விட்டதும் போய்விட்டால் சகஜம். மறுநாள் தொடையில் ஒரு நோவு, அதுவும் சகஜம். மூட்டுக்குள் குத்தினால், மின்சாரம் போலக் காலில் இறங்கினால், விரல் மரத்தால், தலை சுற்றினால் அங்கேயே நிறுத்துங்கள். இருக்கையின் அடியெலும்பு அருகே தொடைப் பின்தசை வலி வாரக்கணக்கில் நீடித்தால் குனியும் ஆசனங்களைக் கொஞ்ச காலம் விட்டுவிடுங்கள். அங்கே தசைநார் ஆறுவது மெதுவாகத்தான்.

யாரெல்லாம் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது?

உயர் ரத்த அழுத்தம், இதய நோய், கிளாக்கோமா (கண் அழுத்த நோய்), டிஸ்க் விலகல், எலும்புத் தேய்வு, ஹெர்னியா உள்ளவர்கள், சமீபத்தில் அறுவை செய்துகொண்டவர்கள், கர்ப்பிணிகள். கிளாக்கோமா இருந்தால் தலை கீழே போகும் எதுவும் கூடாது. கண் அழுத்தம் ஏறும். டிஸ்க் தொல்லை இருந்தால் குனிதல் வேண்டாம். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் செய்தால் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். எப்போது செய்வது என்று டாக்டரிடம் கேளுங்கள், கைக்கெட்டும் தூரத்தில் சர்க்கரை வைத்திருங்கள்.

தலைகீழாக நிற்கும் சிரசாசனம், தோள்மேல் நிற்கும் சர்வாங்காசனம் இரண்டையும் ஆரோக்கியமானவர்களும் தனியாகப் பழகக் கூடாது. எடை கழுத்தில் இறங்கினால் யாரும் பார்த்துச் சொல்ல மாட்டார்கள்.

மாதவிலக்கு நாட்களில்?

மரபு தலைகீழ் ஆசனங்களை விலக்கச் சொல்கிறது. நடைமுறையில் வலி எவ்வளவு என்பதைப் பொறுத்தது. பாலாசனம், மார்ஜரி, படுத்து ஓய்வெடுப்பது பலருக்கு இதமாக இருக்கும். மற்றபடி நைட்டியில் செய்ய வேண்டாம், எந்த நாளும்; காலில் சிக்கும். சல்வாரோ டிராக் பேண்ட்டோ போதும்.

வீடியோ பார்த்துக் கற்கலாமா?

பார்க்கலாம், பார்த்துக்கொண்டே செய்யக் கூடாது. போன் தரையில், தலை சுவானாசனத்தில் என்றால் கழுத்து திருகும். முதலில் ஒருமுறை உட்கார்ந்து முழுக்கப் பாருங்கள், பிறகு ஒலியை மட்டும் கேட்டுச் செய்யுங்கள். வாரம் ஒருமுறை உங்களையே பக்கவாட்டிலிருந்து படம் பிடித்துப் பாருங்கள். ஆயுஷ் அமைச்சகத்தின் பொது யோகா நெறிமுறை ஏறத்தாழ 45 நிமிடப் பயிற்சி, இலவசம், தொடக்கக்காரர்களுக்கு ஏற்றது.

டோம்பிவலி வரை நின்றே வந்தால் கால் கனக்கிறது. மாலையில் எதைச் செய்ய?

விபரீதகரணி, சுவரோடு. பக்கவாட்டில் சுவரை ஒட்டி உட்கார்ந்து, அப்படியே திரும்பி மல்லாந்து, கால்களைச் சுவரில் ஏற்றுங்கள். தொடை பின்னால் இழுத்தால் இருக்கையைச் சுவரிலிருந்து அரை அடி தள்ளிக்கொள்ளுங்கள். 5 முதல் 10 நிமிடம். இறங்கும்போது முட்டியை மடக்கி, பக்கவாட்டில் சாய்ந்து, மெதுவாக.

எடை குறையுமா?

இந்த 20 நிமிடத்தால் மட்டும் குறையாது. நடையும் சாப்பாட்டு அளவும் செய்யும் வேலை அது.

அம்மாவுக்கு 68 வயது. தரையில் உட்கார முடியாது.

நாற்காலி போதும், ஆனால் பிளாஸ்டிக் நாற்காலியை டைல்ஸ் மேல் அப்படியே போடாதீர்கள். மேட்டின் மேல், முதுகு சுவரில் ஒட்டியபடி. உட்கார்ந்து கை உயர்த்துவது 8 முறை, லேசான முறுக்கு பக்கத்துக்கு 3 மூச்சு, கணுக்கால் சுழற்றல், பிறகு கைப்பிடி இல்லாமல் எழுந்து உட்காருவது 5 முறை. கடைசியாகச் சொன்னதுதான் அவருக்கு அதிகம் உதவும். கழிவறையிலும் பஸ்ஸிலும் தேவைப்படும் பலம் அது. அருகில் ஒருவர் நிற்கட்டும்.

சவாசனத்தில் தூங்கிவிடுகிறேன்.

தூக்கக் கடன் இருக்கிறது, அவ்வளவுதான். அலாரம் வையுங்கள். முதுகு வலித்தால் முட்டிக்கு அடியில் தலையணை. எழும்போது வலப்பக்கம் ஒருக்களித்து, கை ஊன்றி எழுங்கள்.

ஆசிரியரிடம் எப்போது போக வேண்டும்? மும்பையில் எங்கே?

இரண்டு மாதம் வீட்டில் செய்த பிறகு போனால் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருக்கும். 1918இல் தொடங்கப்பட்ட யோகா இன்ஸ்டிடியூட் இப்போது சாந்தாகுரூஸில் இருக்கிறது. நிறுவியவர் ஸ்ரீ யோகேந்திரர். 1924இல் சுவாமி குவலயானந்தர் லோனாவ்லாவில் தொடங்கிய கைவல்யதாமத்துக்கு மரைன் டிரைவில் கிளை உண்டு. தெருமுனை வகுப்பானாலும் சரி, முதல் நாளே உடம்பில் என்ன கோளாறு என்று கேட்காத ஆசிரியரிடம் இரண்டாம் நாள் போகாதீர்கள். முதுகில் ஏறி அழுத்துபவரிடமும்தான்.

பத்தே நிமிடம்தான் இருக்கிறது. எதை விட, எதை வைக்க?

மார்ஜரி 8 முறை, மேடையில் கை வைத்த சுவானாசனம் 5 மூச்சு, சேதுபந்தாசனம் 3 முறை, முறுக்கு பக்கத்துக்கு 5 மூச்சு, மிச்ச நேரம் சவாசனம். திரிகோணாசனத்தையும் விருட்சாசனத்தையும் விடுமுறை நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.